அரபி புரோகிராமும் காசிம் பாயும்

புரோகிராம் எழுதுகிறவனுக்குத் தெரியாத மொழியில்தான் எப்போதும் முதல் வெளிநாட்டு ஆர்டர் வரும். பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்களோடு சேர்ந்து நானும் ஒரு மூச்சு புலம்பிக்கொள்கிறேன். வருஷம் 1991. பென்னலூர் பக்கம் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் ரூம் என்றால் ஒரு ஏ.சி., ஒரு மிஷின், நான்.

இரண்டு நாள் வேலை

ஷிப்ட் மாறும்போது சூப்பர்வைசர்கள் குறிப்பு எழுதிவைக்க ஒரு புரோகிராம் செய்திருந்தேன். எல்லாம் இங்கிலீஷ். பம்பு வாங்க வந்த வளைகுடா நாட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் ஆட்களுக்கும் இது வேண்டும், ஆனால் அரபியில் வேண்டும் என்றார். மேனேஜர் என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டார். எனக்கு அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று பிறகு சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வலதுலேர்ந்து இடதுக்குப் போவணும், அவ்ளோதான? திருப்பிப் போட்டுடுப்பா. ரெண்டு நாள் வேலை."

பேக்கிங்கில் ஒருவர்

திருப்பிப் போட்டேன். சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. பேக்கிங்கில் காசிம் பாய் இருக்கிறார் என்றார்கள். வாலாஜாபாத்காரர். எட்டு வருஷம் வளைகுடாவில் குடோன் கிளார்க்காக இருந்து, அங்கே சண்டை வந்ததும் ஒற்றைப் பெட்டியோடு திரும்பியவர். இங்கே கான்ட்ராக்டில் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களை ஏ.சி. ரூமுக்குள் விட மாட்டார்கள் என்பதால், பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானே போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் கரீட்டுதான் தம்பி. ஆனா ஒண்ணு கைய ஒண்ணு புட்ச்சிக்கினாதான் அது வார்த்தை. இது ரேஷன் கடை கியூ மாரி தனித்தனியா நிக்குது."

நான் போய்ச் சொன்னதும் மேனேஜர் அவரை ரூமுக்குள் விட்டார். வேலை முடிந்தால் பர்மனென்ட் என்றும் சொன்னார். பாய் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். இது கிடைக்காவிட்டால் அவர் மறுபடி பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும்.

பதினைந்தாம் நம்பர் பம்பு

எழுத்து வலமிருந்து வந்தாலும் எண்ணை மட்டும் நம்மைப் போலத்தான் எழுதுவார்கள் என்று பாய் சொன்னார். படித்த திமிரில் நான் நம்பவில்லை. எண்களையும் சேர்த்தே திருப்பி, பிளாப்பியை அனுப்பிவிட்டேன். அங்கிருந்து ஃபேக்ஸ் வந்தது: பதினைந்தாம் நம்பர் பம்பைப் பார்க்கச் சொன்னால் ஐம்பத்தொன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

மேனேஜர் பாயைத்தான் காய்ச்சினார். பார்த்துச் சொல்வதற்குத்தானே உன்னை உள்ளே விட்டேன் என்று கேட்டார். தப்பு என்னுடையது என்று நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. வெளியே வந்ததும் பாய்தான் பேசினார்.

"வுடு தம்பி. மொதல்ல அந்த நம்பரத் திருப்பு."

பட்டியல்

செய்ததற்குப் பரிகாரமாக ஒரு காரியம் செய்தேன். எந்த எழுத்து எதோடு சேராது, அழித்தால் எந்தப் பக்கம் அழிய வேண்டும், நடுவில் இங்கிலீஷ் வார்த்தை வந்தால் என்ன ஆகும் என்று பாய்க்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். நாற்பது குறிப்புகள். மேலே அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் டைப் அடித்து மேனேஜரிடம் கொடுத்தேன். இதைப் பார்த்தாவது அவரை பர்மனென்ட் செய்வார் என்று நினைத்தேன்.

மேனேஜர் ஒரு வரி விடாமல் படித்தார். இதை வைத்து நீயே சரிபார்க்க முடியுமா என்று கேட்டார். என் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுகிறார் என்று நம்பி, தாராளமாக முடியும் சார் என்றேன்.

திங்கட்கிழமை பாயை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். நான் ஓடிப்போனபோது வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"மேனேஜர் காமிச்சார் தம்பி. நல்லா எழுதிக்கீற. ஒண்ணுகூட வுட்டுப்போவல."

இந்தத் தொழிலில் நான் எழுதியவற்றுள், முதல் தடவையிலேயே பிழையில்லாமல் வேலை செய்தது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.