உப்பளத்து வரப்பில் நானூறு மீட்டர்

என் அப்பாவுக்கு ஓட்டப்பந்தயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஜெயிப்பதைப் பற்றி எல்லாம் தெரியும். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி வேலை. தன் பாத்தியில் வாருகிற உப்பு பக்கத்துப் பாத்தி உப்பைவிட வெளுப்பு என்று டீக்கடையில் அடித்துப் பேசுவார். உப்பில் என்னங்க போட்டி என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க அவரோடு பேச்சு கிடையாது. அப்படிப்பட்ட மனுஷனிடம், எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம், எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், ஸ்போர்ட்ஸ் டேயில் நானூறு மீட்டருக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

அம்மாவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. இன்றைக்கோ நாளைக்கோ பெரியமனுஷியாகப் போகிறவள், நாலு பேர் பார்க்க மைதானத்தில் ஓடுவாளா என்று கேட்டாள். அந்த நாலு பேர் யார் என்று அப்பா கேட்டார். ராத்திரி சோறு ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் வாதாடினார்கள். கடைசியில் அம்மாதான் தீர்ப்பு சொன்னாள். ஃபர்ஸ்ட் வந்தால் திண்டிவனத்தில் நடக்கும் அடுத்த போட்டிக்குப் போகலாம். வராவிட்டால் இதோடு ஓட்டமெல்லாம் சரி. அப்பா உடனே ஒத்துக்கொண்டார். தோற்பது என்று ஒன்று இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை. எனக்கோ தோற்றால் வேறு போக்கு இல்லை. படிப்பு சுமார், பாட்டு வராது, கோலம் போட்டால் கோணும். ஓடுவது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது, அது மட்டும்தான் எனக்கு வந்தது.

வகுப்பில் எனக்குப் போட்டி ஹார்டுவேர் கடைக்காரர் மகள். அவள் அப்பா பாண்டிச்சேரியிலிருந்து கேன்வாஸ் ஷூவும் குளுக்கோஸ் டப்பாவும் வாங்கி வந்திருந்தார். சாயங்காலம் பள்ளி மைதானத்தில் மகள் ஓட, ஸ்கூட்டரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற பிள்ளைகள் எப்படி ஓடுகிறார்கள் என்றும் பார்ப்பார். இது போதாதா என் அப்பாவுக்கு? நம்ம சரக்கை முன்கூட்டியே காட்டக் கூடாது என்று முடிவு செய்தார். பிராக்டிஸுக்கு வரச் சொன்ன பி.டி. சாரிடம், வீட்டில் வேலை இருக்கிறது என்று என்னைச் சொல்லச் சொன்னார். ரகசியமாகப் பயிற்சி நடக்க ஊரில் ஒரே இடம்தான் இருந்தது. உப்பளம்.

விடியற்காலையில் உப்பு வார வந்தவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். சாயங்காலம் அங்கே காற்றும் நாங்களும்தான். நாலு பக்கமும் வரப்பு போட்ட பெரிய பாத்தி ஒன்றை அப்பா காலடியால் அளந்து, இதை ரெண்டு சுற்று சுற்றினால் நானூறு மீட்டர் என்றார். வரப்பு அகலம் ஒரு ஆள் நடக்க மட்டும். ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். காலில் ஒரு கீறல் இருந்து அதில் விழுந்தால் உயிர் போகும். அதைவிட ஆபத்து மூலைகள். வேகமாக வந்து வளைந்தால் நேராகத் தண்ணீருக்குள்தான். ரெண்டு தடவை அப்படிப் போய் விழுந்தேன். அப்பா யோசித்து ஒரு முறை கண்டுபிடித்தார். மூலை வந்ததும் சடாரென்று நின்று, வலது காலை ஊன்றி, இடது பக்கம் திரும்பி, மறுபடி பாய வேண்டும். உப்புக் குவியல் மேல் ஏறி நின்றுகொண்டு, நான் மூலையை நெருங்கும்போதெல்லாம் "முனை!" என்று குரல் கொடுப்பார். மேஸ்திரி குரல், காற்றையும் மீறிக் கேட்கும். பத்து நாளில் என் கால் மூளையைக் கேட்பதை விட்டுவிட்டது. "முனை" என்றால் நிற்கும், திரும்பும், பாயும். அப்பா கை தட்டுவார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் வீட்டில் பார்த்ததில்லை.

இதில் ஒரு சின்ன ஓட்டை இருப்பது எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அதுவரை பள்ளியில் நான் ஓடியதெல்லாம் நூறு மீட்டர், நேர்க்கோடு. நானூறு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோட்டை எப்படிப் போடுவார்கள் என்று நான் பார்த்ததும் இல்லை, அப்பா கேட்டதும் இல்லை.

ஸ்போர்ட்ஸ் டேயன்று அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆறு பேர் நின்றோம். விசில் ஊதியதும் பிய்த்துக்கொண்டு ஓடினேன். பொய் சொல்லவில்லை, கேன்வாஸ் ஷூ எனக்கு வெகு தூரம் பின்னால். அப்போதுதான் கோடு மெதுவாக இடது பக்கம் வளைய ஆரம்பித்தது. இதென்ன என்று நினைக்கும்போதே, மைதானத்து ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"முனை!"

கால் கேட்குமா? கோட்டைத் தாண்டி நேராகப் போனேன். ஹெட்மாஸ்டரும் விருந்தாளிகளும் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு எதிரே சடாரென்று நின்றேன். வலது காலை ஊன்றினேன், திரும்பினேன், பாய்ந்தேன். அதற்குள் அஞ்சு பேரும் என்னைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த நேர்க்கோட்டில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து மறுபடி முன்னால் போனேன். மறுபடி வளைவு. மறுபடி அப்பா. மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரெண்டு சுற்றிலும் இதே கூத்து. அப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார், நானும் சொன்னபடி கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலாவதாக வந்தேன்.

அப்பா நேரே பி.டி. சாரிடம் போய், எவனாவது கிரவுண்டை உருண்டையாகப் போடுவானா என்று சண்டைக்கு நின்றார். எல்லா ஊரிலும் அப்படித்தாங்க என்றார் அவர். அப்பா குனிந்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஏறாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். வழியெல்லாம் அழுதேன். தோற்றதற்காகவோ ஊர் சிரித்ததற்காகவோ அல்ல. இனி ஓட முடியாதே என்றுதான்.

அம்மா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அப்பா தானாகவே ஆரம்பித்தார். சொன்ன சொல் சொன்னதுதான், இனிமேல் பாப்பா ஓடாது, விடு என்றார். அம்மா தலையைத் தூக்கவில்லை.

"நேரா ஓடறப்ப ஒருத்தியாச்சும் இவ கிட்ட வந்தாளா?"

வரமாட்டேன் என்றவள், பக்கத்து வீட்டு அக்காவோடு காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

"ஓட வேணாம்னா ஓடவே வேணாம். ஓடறதுன்னு ஆனப்புறம் எதுக்குங்க நாலாவதா வரணும்?" என்றாள். அப்பா வாயைத் திறக்கப் பார்த்தார். "நாளையிலேர்ந்து நீங்க வராதீங்க. உங்களால வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாது. அடுத்த வருசத்துக்கு நான் பாத்துக்கறேன்."

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்குச் சோறு அமிர்தமாக இறங்கியது.

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா கேட்டில் நின்றாள். உப்பளத்துக்குப் போகவில்லை. நேராக மைதானத்துக்குள் நடந்தாள். வாலிபால் ஆடிய பையன்கள் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த ஹார்டுவேர் கடைக்காரரும் பார்த்தார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வளைவின் நடுவே போய் நின்று, ஓடு என்று கை காட்டினாள். முதல் தடவை கோட்டைத் தாண்டினேன். ரெண்டாவது தடவை தடுமாறினேன். ஒரு கட்டத்தில் சரியாக வளைந்து, கோட்டோடு கோடாக ஓடி முடித்து, மூச்சு வாங்க அவள் முகத்தைப் பார்த்தேன். நன்றாக ஓடினாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.