பேசினா ஆறிடும் என்றவர்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. இருபத்திரண்டு வருஷமா ஊரையே மேலே ஏத்தி விடறார், நாம மட்டும் இன்னும் வாடகை வீட்டுலதான்னு கிண்டல் பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே கைக் கிரீஸைத் துடைக்கப் போயிடுவார். அவருக்கு வர வேண்டிய கோபமும் சேர்த்து எனக்குத்தான் வரும்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி போன்ல ஒரு குழு ஆரம்பிச்சார். ஊர்ல இருக்கற லிஃப்ட் மெக்கானிக் எல்லாரும் அதுல உண்டு. ஒருத்தன் புதுக் கட்டடத்துல போய் முழிச்சா, அங்கே முன்னாடி வேலை பார்த்தவன் உடனே பதில் போடணும். சாவி யார்கிட்ட, எந்தப் படி, எந்தக் கதவுன்னு. உள்ளே ஆள் மாட்டிக்கிட்டு மூச்சுத் திணறும்போது, எதுக்குக் கேக்கறேன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்க முடியுமா? கேட்டதும் சொல்லிடணும். அதுதான் அவங்க வழக்கம்.

ரெண்டு வருஷமா அங்கே வேற பேச்சு. வெளியாளுங்க கம்மிக் கூலிக்கு வந்து பொழப்பைக் கெடுக்கறாங்கன்னு புலம்பல்ல ஆரம்பிச்சது. அப்புறம் அவங்களைப் பூச்சின்னாங்க. அப்புறம் நசுக்கணும்னாங்க. அதுல முதல் ஆள் என் கூடப்பிறந்த தம்பி. அவனும் மெக்கானிக்தான். வேலை போனதுல இருந்து போனும் கையுமாவே கிடந்தான்.

"அதையெல்லாம் அழிங்க. அப்படி எழுதற நாலு பேரையும் குழுவை விட்டு வெளியே தள்ளுங்க, என் தம்பியையும் சேர்த்து"ன்னு கத்தினேன்.

"வாயை அடைச்சா வேற எங்கேயாவது போய்ப் பேசுவாங்க. கொட்டட்டும் விடு. பேசினா ஆறிடும்"னார் இவர்.

முழுக்கத் தப்புன்னும் சொல்ல மாட்டேன். திட்டித் தீர்த்துட்டு, மறுநாளே வெக்கப்பட்டு அடங்கினவங்களும் இருந்தாங்க. என் தம்பி அடங்கலை. அவன் ஒண்ணு சொன்னா பத்துப் பேர் சபாஷ் போட்டாங்க. அந்தச் சபாஷுக்காகவே அடுத்த நாள் அதைவிட மோசமா எழுதினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். தம்பிகிட்ட இருந்து குழுவுல ஒரு கேள்வி. மார்க்கெட்டுக்குப் பின்னாடி பச்சைக் கட்டடம், முன்கதவு பூட்டியிருக்கு, வேற வழி உண்டா?

"பார்த்தியா, உன் தம்பிக்கு வேலை கிடைச்சிடுச்சு!"ன்னு இவர் முகமெல்லாம் சிரிப்பு. இடது கையாலயே தட்டி விட்டார். பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்துல இரும்புக் கதவு. தாழ்ப்பாள் விழாது, தோளால தள்ளினாலே போதும். லிஃப்ட்டை நிறுத்தறதுக்கு ரெண்டாவது சுவிட்ச்.

அடுத்த நிமிஷம் தம்பி எழுதினான்: "நன்றி மாமா. இனி ஒருத்தனும் இறங்கி ஓட முடியாது."

அந்தக் கட்டடம் பூரா வெளியாளுங்கதான், குழந்தை குட்டியோட. இவர் தான் எழுதின வழியை உடனே அழிச்சார். அதுக்குள்ள அறுபத்தெட்டு பேர் பார்த்தாச்சு. தம்பி போனை எடுக்கலை. போலீஸுக்குப் போட்டா, "ஆள் அனுப்பறோம்"னாங்க.

ஸ்கூட்டர்ல பறந்தோம். பின்னாடி உக்காந்து நான் இவர் போன்ல குழுவைப் படிச்சுக்கிட்டே வந்தேன். ஏழு பேர் சேர்ந்தாச்சு. கம்பி இருக்கு. பாலம் தாண்டியாச்சு. நான் கரிச்சுக் கொட்டின குழுதான், இப்போ அதை விட்டா எனக்கும் வழி இல்லை. இந்தப் பாழாப்போன போன்ல யாராவது ஒருத்தன் நல்ல வார்த்தை எழுத மாட்டானான்னு பார்த்தேன். எவனும் எழுதலை.

அவங்களுக்கு முந்திப் போய், அந்த இரும்புக் கதவு வழியாவே உள்ளே நுழைஞ்சோம். நான் மாடி மாடியா ஓடி, "கதவைப் பூட்டுங்க, கீழே வராதீங்க"ன்னு தட்டிட்டு இறங்கினேன். இவர் இரும்புக் கதவுல முதுகைக் கொடுத்து, எதிர் சுவர்ல காலை ஊன்றி உக்காந்திருந்தார். நானும் பக்கத்துல உக்காந்தேன்.

வெளியே செருப்புச் சத்தம். கதவு அதிர்ந்தது.

"நான்தான்டா உள்ளே இருக்கேன். உங்க அக்காவும் இருக்கா. போயிடு."

குசுகுசுன்னு பேச்சு, சிலர் நகர்ந்து போறது கேட்டது. போன்ல புலி, நேர்ல எலி. ஆனா என் தம்பி போகலை.

"தள்ளிப் போங்க மாமா. வழி சொன்னதே நீங்கதானே?"

"வேலைக்குன்னு நினைச்சேன்டா."

"ரெண்டு வருஷமா நாங்க எழுதினதெல்லாம் படிச்சீங்களே, அதையும் வேலைன்னா நினைச்சீங்க? ஒரு தடவை வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா? நீங்களும் நம்ம பக்கம்னுதானே நினைச்சேன்!" அவன் குரல் உடைஞ்சது. அழறானோன்னு தோணுச்சு. என் தம்பியாச்சே, எனக்கும் அழுகை முட்டுச்சு.

இவர் முகம் செத்துப் போச்சு. எனக்குக்கூட அப்படி ஒரு கேள்வி கேக்கத் தெரியலை.

"வேண்டாம்டா"ன்னார்.

கம்பி கதவுல விழுந்தது. மறுபடியும் "வேண்டாம்டா." ஓடி வந்து தோளால இடிச்சான். இவர் தோள்பட்டை எலும்பு நொறுங்கின சத்தம் என் காதுல விழுந்தது. காலை எடுக்கலை மனுஷன். போலீஸ் வந்து அவனைப் பிடிச்சு இழுக்கற வரைக்கும், ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். ரெண்டு வருஷமா சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னார்.