இரு வேளை, உணவுக்குப் பின், நாற்காலி

உங்கள் முதுகை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கண்ணாடி முன்னால் கழுத்தை ஒடித்து எட்டிப் பார்த்ததைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்ப்பது போல, நேருக்கு நேர்? பார்த்திருக்கவே முடியாது. ஆயுள் முழுக்க நம்மைச் சுமந்து திரிகிற ஆளை நாம் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. நமக்குப் பதிலாகப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இது.

வேலை பார்த்த கடையில் அவரை எல்லோரும் முதுகக்கா என்று கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தாறு. உழைத்து உழைத்துக் கட்டைவிரல்கள் இரண்டும் கரண்டி போலத் தட்டையாகிவிட்டன. படித்தது ஆஸ்டியோபதி. மாத்திரை, ஊசி இல்லாமல், தசையையும் மூட்டையும் கையாலேயே தொட்டறிந்து, அழுத்தி, இழுத்து, தளர்த்திவிடுகிற சிகிச்சை. “அக்காவுக்குக் கைராசி” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

“ராசியும் இல்ல, மண்ணும் இல்ல. நாலு வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சிருக்கேன். பரீட்சையில ஒரு தடவ ஃபெயிலும் ஆயிருக்கேன். ராசிக்காரி ஃபெயில் ஆவாளா?”

அவருடைய கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். “கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். என் மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா யோசிப்பா. முதுகுன்னா படம் வரைஞ்சே காட்டிடுவா” என்பார் அவர். அதில் மிகை இல்லை. ஒருமுறை வங்கி வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற முன்பின் தெரியாத பெரியவரின் தோள்பட்டையை நினைவில்லாமல் அழுத்திவிட்டார். பெரியவர் திரும்பி முறைத்தார். முறைத்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்மா” என்றார்.

அந்தக் கடை ஐந்து மாடிக் கடை. வீட்டுச் சாமான் அத்தனையும் கிடைக்கும். நூற்று நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். இத்தனை பேரின் பெயரை யார் நினைவு வைத்துக்கொள்வது? எந்தப் பிரிவோ அதுவே ஆளின் பெயர். “தலையணைக்கு இன்னிக்கு லீவு”, “பூட்டு சாப்பிடப் போயிருக்கு” என்றுதான் அங்கே பேச்சு நடக்கும். கடைக்குப் பதினான்கு விதிகள். ஒன்பதாவது விதி: விற்பனையாளர் பணி நேரத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடை தூங்குவது போல இருக்கும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. இரண்டாம் மாடியில் அறுபத்திரண்டு வகை நாற்காலிகள் விற்பனைக்கு இருந்தன. அவற்றில் உட்காரும் சுகத்தைப் பற்றித் தினம் பத்து மணி நேரம் நின்றுகொண்டே பேசுகிற மனிதருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. அவர் பெயரும் நாற்காலிதான்.

ஊழியர்கள் முதுகு வலி என்று விடுப்புக் கேட்டுக் கேட்டு மேலாளரின் மேசை நிரம்பியது. அந்தச் சமயத்தில் முதலாளி உடல்நலச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தார். மனிதர்களின் உடம்பில் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, கைதேர்ந்தவர் தொட்டால் திறந்துகொள்ளும் என்று அங்கே சொன்னார்களாம். மறு வாரமே மூன்றாம் மாடியில், லிஃப்ட்டுக்கும் விற்காத மிதியடிகளுக்கும் நடுவில் ஓர் அறை ஒழித்து முதுகக்காவை வேலைக்கு வைத்தார்கள்.

முதல் மாதமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தலையணைக்கு எங்கே வலிக்கிறதோ அங்கேதான் பூட்டுக்கும் வலித்தது. அந்த மாதம் வந்த முப்பத்தேழு பேரின் முதுகையும் ஒரே கை எழுதியது போல இருந்தது. காலையில் தளர்த்திவிட்ட தசை சாயங்காலம் கயிறாக முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. முப்பத்தெட்டாவது ஆளாக வந்தவள் விளக்கு. விளக்குப் பிரிவில் நிற்கிறவள். ஏழு மாதக் கர்ப்பிணி.

இடது பக்கமாகப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை கொடுத்து, முதுகக்கா இடுப்பை மெல்லத் தொட்டுப் பார்த்தார். வயிறு முன்னால் இழுக்கிறது, அதைச் சமாளிக்க இடுப்பு பின்னால் வளைகிறது. இரண்டுக்கும் நடுவில், புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்கப்போய் அடி வாங்கியவரைப் போல முதுகெலும்பு மாட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இதைப் பண்ணினா பிரசவம் சுகமா ஆயிடுமா?”

“பொய் சொல்லட்டுமா, நெசம் சொல்லட்டுமா?”

“நெசமே சொல்லுங்க.”

“இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இதமா இருக்கும். என் கை அவ்வளவுதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கு, ஒழுங்கா போ. உனக்கு இப்ப வேணுங்கிறது நான் இல்ல. உட்காரணும்.”

விளக்கு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்ததற்காக அவள் பேரில் இரண்டு குறிப்பு எழுதியாகிவிட்டது. மூன்றாவது குறிப்பு விழுந்தால் வேலை போய்விடும். பேறுகால விடுப்புக்கு இன்னும் ஆறு வாரம். வேலையே இல்லாதவளுக்கு விடுப்பு ஏது? ஆறு வாரம் நின்றாக வேண்டும். நிற்க முடியவில்லை.

அன்று முதுகக்கா மருந்துச் சீட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: நாற்காலி.

நாலு பேரிடம் காட்டி உறைக்க வைக்கலாம் என்று கோபத்தில் எழுதிய சீட்டு அது. ஆனால் போய்ச் சேர்ந்தது மேலாளரிடம். மேலாளர் நல்ல மனிதர். எழுத்தில் வந்ததை மறுக்க மாட்டார். எழுத்தில் வராததை நம்ப மாட்டார். மருந்துச் சீட்டில் இருந்ததால் அது மருந்து என்று எடுத்துக்கொண்டார். மருந்தென்றால் முதலுதவி அலமாரியில் இருக்க வேண்டும். இரண்டாம் மாடியிலிருந்து கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றை இறக்கினார்கள். அலமாரிக்குள் அது நுழையவில்லை. ஆகவே நாற்காலிக்கென்று தச்சரை வைத்துப் புதிதாக ஓர் அலமாரி செய்தார்கள். அதற்குப் பூட்டு. பூட்டின் சாவி மேலாளரின் இடுப்பில். கூடவே ஒரு பதிவேடு: நோயாளி, எடுத்துக்கொண்ட நேரம், கையொப்பம்.

“மேடம், அளவு எழுத மறந்துட்டீங்க” என்று சீட்டோடு வந்து நின்றார் மேலாளர்.

“என்ன அளவு?”

“ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு நேரம். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?”

முதுகக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டலின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை.

“இது பழக்கமாயிடுமா மேடம்? அப்புறம் விட முடியாம போயிடுமோன்னு பயமா இருக்கு.”

“கண்டிப்பா பழக்கமாயிடும் சார். நீங்களே காலேலேர்ந்து எடுத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?”

மேலாளர் பதறிப்போய்ப் பதிவேட்டில் தானாகவே எழுதிக்கொண்டார்: இரு வேளை, உணவுக்குப் பின், ஏழு நிமிடம். நான்கு நாட்கள் அப்படியே நடந்தது. மேலாளர் வந்து பூட்டைத் திறப்பார். விளக்கு உட்காருவாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்பார். ஏழாவது நிமிடம், “போதும்மா, எந்திரி” என்பார். ஒரு நாள் அவள் எட்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள். அளவு மீறியதாகச் சிவப்பு மையில் எழுதி, மயக்கம் வருகிறதா என்று அரை மணி நேரம் கவனித்தார்.

முதுகக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த மனிதரோடு வாதாடிப் பயனில்லை. எழுதத்தான் வேண்டும். புதுச் சீட்டு எழுதினார்: நாற்காலி, பணி நேரம் முழுவதும், பிரசவம் வரை. நோயாளி பணிபுரியும் இடத்திலேயே தரப்பட வேண்டும்.

நாற்காலி அலமாரியிலிருந்து விடுதலையாகி விளக்குப் பிரிவுக்கு வந்தது. விளக்கு உட்கார்ந்தாள். அன்று முழுதும் அவளைப் பார்க்க மற்ற பிரிவுக்காரர்கள் ஏதாவது சாக்கு வைத்து வந்து போனார்கள்.

“எப்படி இருக்குடி?” என்றாள் தலையணை.

“கால் இருக்கிறதே மறந்துபோச்சு.”

“கொடுத்துவெச்சவ. நானும் மாசமாகட்டுமா?”

“உனக்கு அம்பது வயசு ஆச்சு, சும்மா இரு.”

மறுநாள் பிற்பகல் மூன்றேகால் மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவருக்கு விளக்குகள் ஒன்றும் பிடிக்கவில்லை. விளக்கின் கீழே இருந்த நாற்காலி பிடித்துவிட்டது.

“இது என்ன விலை?”

“இது மருந்து சார்” என்றாள் விளக்கு.

“சீட்டு ஒட்டியிருக்கே.”

ஒட்டித்தான் இருந்தது. இரண்டாம் மாடியில் ஒட்டிய விலைச்சீட்டை யாரும் கிழிக்கவில்லை. நான்காவது விதி: விலைச்சீட்டு உள்ள எதையும் கேட்பவருக்கு விற்றாக வேண்டும். மேலாளருக்கு ஆள் போனது. அவர் வந்தார், விதியை மனதுக்குள் ஒருமுறை படித்தார். “எந்திரிம்மா” என்றார். நாற்காலி சூடு ஆறுவதற்குள் லிஃப்ட்டில் இறங்கிப் போய்விட்டது. வேறொன்று கொண்டுவரலாமே என்றால், சீட்டில் ‘நாற்காலி’ என்று ஒருமையில்தான் எழுதியிருக்கிறது, அதைக் கொடுத்து முடித்தாகிவிட்டது என்றார். நாலரை மணிக்கு விளக்கு தாங்க முடியாமல் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். மாடி மேற்பார்வையாளர் மூன்றாவது குறிப்பை எழுதினார்.

அடுத்த நாள் முதலாளி மூன்றாம் மாடிக்கு வந்தார். அவருக்கும் முதுகு வலி. பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பதால் வந்த வலி. சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்து, முகம் வைக்கும் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆகவே அவர் பேசியதெல்லாம் தரையோடுதான்.

“அந்த விளக்குப் பொண்ணை அனுப்பணும். வெறும்னே அனுப்பினா கர்ப்பிணியை விரட்டிட்டாங்கன்னு பேச்சு வரும். ‘நிற்கத் தகுதியுள்ளவர்’னு ஒரு சான்றிதழ் போட்டுக் குடுங்க. தகுதி இருந்தும் உட்கார்ந்தாள்னு ஆயிடும்.”

“அவளால நிக்க முடியாது சார்.”

“உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது, தெரியுமில்ல?”

“தெரியும் சார். மூச்சை இழுத்து விடுங்க.”

அவரது முதுகுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை முதுகக்கா ஒரு குறையும் வைக்காமல் செய்தார். நோயாளி என்று வந்தவர் மேல் கோபத்தைக் காட்டுகிற கை அல்ல அது. முடித்துக் கை கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தார். நிதானமாக எழுதினார். எழுந்து உட்கார்ந்த முதலாளியிடம் தாளை நீட்டினார்.

‘ஏழு மாதக் கர்ப்பிணிக்கு முழு நேரமும் தர வேண்டிய மருந்தை, நேற்றுப் பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, அவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே நிர்வாகம் திரும்பப் பெற்று வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டது. அதன் பின் நோயாளி மாற்று மருந்தாக அட்டைப்பெட்டியைப் பயன்படுத்தினார். ஆதாரம்: நிர்வாகமே பராமரிக்கும் மருந்துப் பதிவேடு.’

“என்ன இது, கேலிக்கூத்தா இருக்கு?” என்று கத்தினார் முதலாளி. “நாற்காலி எப்பய்யா மருந்தாச்சு?”

“நாம கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து சார்” என்று, வாசலில் காத்து நின்ற மேலாளர் உள்ளே வந்து பணிவாகப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருந்தது. சிவப்பு மையில் எழுதிய எட்டாவது நிமிடமும் இருந்தது.

முதலாளி அந்தப் பதிவேட்டை நீதிமன்றத்தில் யாரோ வாசிப்பதாகக் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது குறிப்பைக் கிழித்தார். விளக்குப் பிரிவுக்குப் புது நாற்காலி வந்தது. இனி யாரும் வாங்கிவிடக் கூடாது என்று நான்கு கால்களையும் தரையோடு திருகாணி போட்டு முடுக்கினார்கள். சுவரில் பலகை தொங்கியது: ‘இது மருந்து. நோயாளி தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது.’ விளக்கு மீதி வாரங்கள் முழுக்க உட்கார்ந்து விற்றாள். கடை தூங்கிப்போய்விடவில்லை. விடுப்பில் போனாள். மூன்றே கால் கிலோவில் பெண் குழந்தை.

முதுகக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. “அப்ப இனிமேலாவது என் மூஞ்சியைப் பார்ப்பியா?” என்று கேட்டார் கணவர். “முதல்ல நிமிர்ந்து உட்காருங்க” என்றார் இவர். இப்போது வீட்டின் முன்னறையிலேயே மேசை போட்டிருக்கிறார். சாயங்காலமானால் அந்தக் கடைக்காரர்களே வரிசையில் வருகிறார்கள். ஒரே கை எழுதிய அதே முதுகுகள்.

அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலியாக. விளக்குப் பிரிவில் புதிதாக ஒரு பெண், அதன் பக்கத்திலேயே பத்து மணி நேரம் நிற்கிறாள். அவளுக்குச் சீட்டு இல்லை. எழுதித் தரவும் ஆள் இல்லை.

நீங்கள் விளக்கு வாங்கப் போவீர்கள். அந்தக் கடைக்கோ, அது போன்ற இன்னொன்றுக்கோ. போனால் அவளிடம், “நீ உட்காரும்மா, நானே எடுத்துக்கறேன்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். மேலாளர் ஓடி வருவார். மற்ற நூற்று முப்பத்தொன்பது பேரின் நாற்காலிகள் எங்கே என்று அவரைக் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள்.