கூடை மலையேறாத ஏழு சனிக்கிழமைகள்

கரமனையில் அக்கிரகாரத்தின் கொல்லைச் சுவர்களை ஒட்டி ஆற்றுக்கு இறங்கும் ஓர் இடவழி உண்டு. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒண்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அதன் மேல் கோடியில் குடிசை போட்டிருந்தும் முத்தாரம்மாள் நாற்பத்தைந்து வயது வரை அதில் கால் வைத்ததில்லை. கூரைக் கீற்று முடைந்து பிழைப்பவள், ஓலை நனைக்க ஆற்றுக்குப் போவதென்றால் அரை மைல் சுற்றித்தான் போவாள். அவள் பிறந்த சாதிக்கு அந்த மண் விலக்கு. அவளுடைய கோழிகளுக்கு விலக்கில்லை. அவை விடிந்ததும் வரிசையாக அந்த வழியில் இறங்கி, ஆற்றங்கரையில் புழுவும் கக்காச் சிப்பியின் ஓடும் பொறுக்கித் தின்றுவிட்டு, வெயில் ஏறும்போது திரும்பி வந்து முட்டையிடும். கோழிக்குச் சாதி இல்லை என்று அக்கிரகாரம் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது.

கொல்லம் ஆண்டு 1112-இல் எல்லா இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட மகாராஜாவின் விளம்பரம் வந்தது. சாமியையே கிட்டப் போய்ப் பார்க்கலாமாம், இந்த வழிக்கு என்ன வந்தது என்று ஒரு நாள் முத்தாரம்மாள் நனைந்த ஓலைக் கட்டோடு இடவழியில் ஏறி வந்தாள். சுவருக்கு அப்பால் சில தலைகள் எட்டிப் பார்த்தன. தடுக்க ஒருவரும் இறங்கி வரவில்லை. ஆனால் அக்கிரகாரத்தின் கோபம் எங்கும் போய்விடவில்லை. இரண்டு வருஷம் பொறுத்திருந்து, வேறு வாசல் வழியாக வந்தது.

1114 ஐப்பசியில், பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்த நாகேஸ்வர அய்யர் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வரும்போது ஒரு கோழி குறுக்கே ஓடியது. அய்யர் குடிசை முன்னால் வந்து நின்றார்.

"ஸ்நானம் பண்ணிண்டு வரேன், இதுகள் காலை இடறிண்டு ஓடறது. நான் திரும்பப் போய் முங்கணும். கட்டிப் போடுடீ. முனிசிபாலிட்டிக்கு ஒரு பெட்டிஷன் எழுதினேன்னா குடிசையே மிஞ்சாது."

குடிசை நின்றது புறம்போக்கு. கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவளைத் தடுக்க முடியாதவர் அவள் கோழியைத் தடுத்தார். இதைப் புரிந்துகொள்ள முத்தாரம்மாளுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அன்றே ஏழு கோழிகளையும் பிடித்து, முற்றத்தில் மூன்று பஞ்சாரக் கூடைகளைக் கவிழ்த்து அடைத்தாள். வேளைக்கு ஒரு பிடி தவிடு, ஒரு சிரட்டைத் தண்ணீர்.

அந்த முட்டைகள் யாருக்கு என்று சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஒரே மகள், பொன்னம்மை. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த ராஜமணி என்ற பையனோடு போகிறேன் என்றாள். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். முத்தாரம்மாள் மகளை மூன்று நாள் வீட்டுக்குள் பூட்டி வைத்தாள். நாலாம் நாள் விடியற்காலை கூரையில் ஓர் ஆள் நுழைகிற ஓட்டை தெரிந்தது. தாய் முடைந்த ஓலையைத் தாயிடம் கற்ற கையாலேயே முடிச்சு முடிச்சாகப் பிரித்திருந்தாள் பெண். எனக்கு மகள் இல்லை, செத்துப்போனாள் என்று முத்தாரம்மாள் ஊர் கேட்கச் சொன்னாள். இந்தத் தேசத்தில் பெற்றவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிற வார்த்தை அது.

இரண்டு வருஷம் கழித்து, சனிக்கிழமைதோறும் எஸ்டேட் லாரியில் அரிசி ஏற்றிப்போகச் சாலைக் கடைத்தெருவுக்கு வரும் டிரைவர் நேசையன், பொன்னம்மைக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது என்று சொன்னான். முத்தாரம்மாள் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை லாரி நிற்கும் இடத்துக்கு ஒரு மூடிக் கூடையைக் கொண்டு போனாள். உள்ளே உமி. உமிக்குள் பத்து முட்டை. யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் கூடை திரும்பி வந்தது. உள்ளே கழுவிக் காயவைத்து நுணுக்கிய முட்டை ஓடு. சின்ன வயதில் கோழிகளுக்கு ஓடு நுணுக்கிப் போடுவது பொன்னம்மையின் வேலை. முத்தாரம்மாள் அதை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்திருந்தாள். பிறகு கோழிகளுக்குத் தூவினாள். அது முதல் வாராவாரம் முட்டை மேலே போகும், ஓடு கீழே வரும். ஒரு வார்த்தை போகவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பெண்களின் தபால் அது. இப்போது பொன்னம்மைக்கு மறுபடியும் மாசம். ரத்தமே இல்லை, தினம் ஒரு முட்டை தின்னாவிட்டால் இதுவும் தங்காது என்று எஸ்டேட் கம்பவுண்டர் சொன்னதை நேசையன் சொல்லியிருந்தான்.

கோழிகளை அடைத்த மூன்றாம் வாரம் தோல் முட்டைகள் விழுந்தன. ஓடு இல்லாமல், தொட்டால் அமுங்கின. பிறகு அதுவும் நின்றது. விடிந்ததும் ஒவ்வொரு கோழியையும் கக்கத்தில் இடுக்கி, விரல் வைத்துப் பார்ப்பாள். உள்ளே ஒன்றும் தட்டுப்படாது.

கண்ணேறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு மந்திரவாதி வந்து, பஞ்சாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கோழிகளின் வயிற்றில் பெற்ற பெண்ணின் சாபம் இருக்கிறது என்று சொல்லி, தட்சிணையாகக் கறுப்புக் கோழியைக் கொண்டு போனான். ஏழு கோழி ஆறானது. அவன் மந்திரத்தால் கண்ட பலன் அது ஒன்றுதான்.

கோழி முட்டையை நிறுத்தப் பல காரணம் உண்டு. அடை கேட்கும் கோழி இடாது. ஆனால் இவை ஒன்றும் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரவில்லை. இறகு உதிர்க்கும் கோழி இடாது. பஞ்சாரத்துக்குள் ஓர் இறகு விழவில்லை. கள்ள முட்டையிட இவை எந்தப் புதருக்குப் போயின? செள்ளுப் பூச்சியும் இல்லை, சீக்கும் இல்லை. கொண்டை மட்டும் வெளுத்துத் தொங்கியது. வெயில் இல்லை, புழு இல்லை, கீறுவதற்கு மண் இல்லை, ஓட்டுக்குச் சுண்ணாம்பு இல்லை. பத்து வயது முதல் கோழி வளர்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொண்டால் பஞ்சாரத்தைத் தூக்க வேண்டும், தூக்கினால் பெட்டிஷன் வரும். கண்ணேறு என்று நம்புவது அதைவிடச் சுலபமாக இருந்தது. மூடநம்பிக்கை பாதி அறியாமையில் வளர்கிறது, மீதி இப்படிப்பட்ட பயத்தில்.

நாலு சனிக்கிழமை கூடை போகவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் போய், லாரி கிளம்பும்வரை தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவாள். ஐந்தாம் சனிக்கிழமை நேசையனே குடிசை தேடி வந்தான்.

"முத்தாரக்கா, பொன்னம்மை கேட்டா. சுகமில்லாதது அம்மைக்கா, கோழிக்கான்னு கேட்டா."

நாலு வருஷத்தில் மகளிடமிருந்து வந்த முதல் வார்த்தை. முத்தாரம்மாள் முடைந்துகொண்டிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"கடைத்தெருவுல கேட்டதத்தான் சொன்னேன். கோழிய அடச்சிப் போட்டிருக்கு, முட்டையிடலன்னு." நேசையன் தலையைச் சொறிந்தான். "சிரிச்சா அக்கா. 'எங்க அம்மைக்கு அடைக்கத்தானே தெரியும்'னா."

அன்று அவள் சோறு பொங்கவில்லை. கூரையில் மகள் பிரித்துப் போன இடத்தில் மட்டும் ஓலை புதிதாக, நிறம் மாறித் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஞாயிறு விடிந்ததும் மூன்று பஞ்சாரங்களையும் நிமிர்த்தினாள். கோழிகள் முதலில் நகரவில்லை. காலை மடக்கி மடக்கிப் பார்த்தன. பிறகு ஒன்று இறக்கையை உதறியது, ஆறும் இடவழியில் இறங்கின. அவள் பின்னாலேயே நடந்தாள். பாதி வழியில் ஈரத் துண்டோடு நாகேஸ்வர அய்யர் வந்துகொண்டிருந்தார். கோழிகள் அவர் காலடியில் புகுந்து ஓடின. அவர் முகம் சிவந்தது.

இத்தனை வருஷம் சாமி என்றே அழைத்தவள், அன்று வேறு விதமாக அழைத்தாள்.

"அய்யரே, எனக்க கோழி முட்டையிடணும். நீங்க ரெண்டு தடவை குளியுங்க, ஆத்துல தண்ணி உண்டு. பெட்டிஷன் எழுதணும்னா எழுதுங்க."

அவர் எழுதவும் செய்தார். ஒரு பியூன் வந்து குடிசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொண்டு போனான். இனி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. கோழிகளை அவள் மறுபடி பிடிக்கவில்லை.

பத்து நாளில் கொண்டை சிவந்தது. கரையிலிருந்து கக்கா ஓடு அள்ளி வந்து நுணுக்கிப் போட்டாள். இன்னும் இரண்டு சனிக்கிழமை கூடை வெறுமையாகவே ஆணியில் தொங்கியது. எட்டாம் சனிக்கிழமைக்கு முந்தின நாள், செவலைக் கோழி அடுப்பு மூலைக்கு வந்து உட்கார்ந்தது. எழுந்தபோது ஒரு முட்டை. சிறியது, ஒரு பக்கம் ரத்தக் கீற்று, ஆனால் ஓடு கெட்டி. பத்து சேரும்வரை பொறுப்பதுதான் வழக்கம். அவள் பொறுக்கவில்லை. அந்த ஒன்றை உமிக்குள் வைத்துக் கூடையை மூடி, சனிக்கிழமை லாரியில் தானே ஏறி உட்கார்ந்தாள்.

நெடுமங்காடு தாண்டியதும் நேசையன் கேட்டான், மகளைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று. வித்துரா சந்தை தாண்டிக் குளிர் காற்று முகத்தில் அடித்தபோதுதான் சொன்னாள்.

"கோழியத் தொறந்து விட்டுட்டேன்னு சொல்லுவேன்."

எஸ்டேட் கேட்டுக்கு உள்ளே வெளியாளை விட மாட்டார்கள். கொழுந்து நிறுக்கிற சங்கு ஊதும்வரை வெளியே இருக்க வேண்டும். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து மலைச் சரிவைப் பார்த்தாள். பச்சைக்கு நடுவே முதுகில் கூடையோடு நூறு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். எல்லாத் தலையிலும் ஒரே மாதிரி முக்காடு. ஏழு மாச வயிற்றோடு நிற்கிறவளுக்கும் அந்த வரிசையில் ஓய்வு கிடையாது. தான் பெற்றது எது என்று முத்தாரம்மாளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

மேல் வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து, இடுப்பில் கை ஊன்றி, கேட்டுப் பக்கம் திரும்பி நின்றாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரமில்லை. முத்தாரம்மாள் எழுந்து, கூடையைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அங்கே அந்தக் கை இடுப்பிலிருந்து இறங்கியது. கங்காணி ஏதோ அதட்டினான். அந்தப் பெண் குனியவில்லை.

சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கை வலித்தது. முத்தாரம்மாள் கூடையை இறக்கவில்லை.