யாரும் அடிக்காத அடி

கல்யாணமாகிக் குற்றாலத்துக்கு வந்த முதல் சாரல் பருவத்திலேயே எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தபாலாபீசில் விற்கிற கொயினா என்ற காய்ச்சல் மருந்துப் பொட்டலத்தை வாங்கிவந்து தேனில் குழைத்துக் கொடுப்பார். அது உள்ளே போனதும் காதில் இரைச்சல் கிளம்பும். அருவி வெளியே விழுகிறதா, என் தலைக்குள் விழுகிறதா என்று தெரியாமல் பகலெல்லாம் மிதந்து கிடப்பேன். மேகம் அறைக்குள் வந்து நடமாடுவதுபோல இருக்கும். அவர் நெற்றியைத் தொட்டால், அந்தக் கை வெகு தூரத்திலிருந்து வருவதாகத் தோன்றும்.

காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மூன்றாம் முறை மருந்து சாப்பிட்ட மறுநாள், கையிலும் தொடையிலும் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. இடித்துக்கொண்ட நினைவே இல்லை.

அன்று பார்த்து என் பிறந்த ஊரான இலத்தூரிலிருந்து அண்ணன் வந்தான். தண்ணீர்ச் செம்பை நீட்டினபோது என் கையைப் பார்த்துவிட்டான்.

“என்னட்டி இது? மாப்பிள கை நீட்டுதாரோ?”

“இல்லண்ணே. தானா வந்திருக்கு.”

“தானா வருமாட்டி?”

“அவுக அப்படிப்பட்டவுக இல்லண்ணே.”

அடிபட்ட பெண்களும் இதையேதான் சொல்வார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லச் சொல்ல, அவன் முகம் இறுகியது. “நான் தொடல மச்சான்” என்று அவர் ஒரே ஒருதரம் சொன்னார். அண்ணன் அவரைத் திரும்பிப் பாராமல் என்னை வண்டியில் ஏற்றினான்.

இலத்தூரில் பத்து நாளில் கன்றல்கள் மஞ்சளாகி மறைந்தன. “பாத்தியா? இனி அங்கன போவாண்டாம்” என்றான். பிறகு மறுபடியும் குளிர் வந்தது. இம்முறை அண்ணனே கொயினா கொடுத்தான். மறுபடி அந்த இரைச்சல், அந்த மிதப்பு. காலையில் விழித்தபோது ஈறு கசிந்து தலையணை சிவந்திருந்தது. காலெல்லாம் கடுகு சிந்தினாற்போலச் செம்புள்ளிகள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வீட்டில் அவனையும் அண்ணியையும் தவிர யாரும் இல்லை.

அன்றே தென்காசி லேடி டாக்டரிடம் போனோம். அவர் என் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அண்ணன் விரலிலும் குத்தி எடுத்தார். பிறகு இரண்டையும் என்னைப் பார்க்கச் சொன்னார். அண்ணன் ரத்தத்தில் வட்ட வட்டங்களுக்கு நடுவே பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது. என்னுடையதில் தேடினாலும் அது தென்படவில்லை.

“இந்தப் பொடிதான் ரத்தத்தை உறைய வைக்கும். உனக்கு அது அழிஞ்சுபோகுது. கொயினாவ இனி தொடாதே” என்றார். எப்படி அழிகிறது என்று கேட்டேன். தெரியாது என்றார்.

பல வருஷம் கழித்து வேறொரு டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தப் பொடிக்குத் தட்டணுக்கள் என்று பெயராம். என்னைப் போன்ற சிலருக்குக் கொயினா அவற்றில் ஒட்டிக்கொண்டதும், உடம்பைக் காக்கிற அணுக்கள் அவற்றைப் பகையென்று நினைத்துத் தின்றுவிடுமாம்.

அன்று தென்காசியிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் வண்டியைக் குற்றாலத்துக்கு விடச் சொன்னான்.

“நான் சொன்னப்ப நம்பலியேண்ணே” என்றேன். “ஒரு சொட்டு ரத்தம் சொன்னாத்தான் நம்புவியா?”



தோட்டத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் வண்டியைவிட்டு இறங்கி, வாசலுக்கு வராமல் நனைந்தபடியே நின்றான். என் வீட்டுக்காரர் வெளியே வந்து முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“ஏன் நனையுதீக? உள்ள வாங்க மச்சான்.”