மேட்டுக்குப் போ, புள்ள

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கண்ணம்மாள் வாயால் கேட்டவர்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

எண்பத்தேழு, ஐப்பசி. ஏற்காடு மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு அக்கரையில், குப்பனூருக்கு எதிரே, தனியாக ஓர் ஓட்டு வீடு. கண்ணம்மாளின் புருஷன் ஐயாக்கண்ணு விடிகாலையில் எஸ்டேட் வேலைக்குக் கிளம்பினான்.

"பொழுது சாஞ்சு கூப்பிட்டா சட்டுனு கதவத் தொற, புள்ள. மூணு தரம் எண்ணிக்கிட்டு நிக்காத."

"பேய் ரெண்டு தரந்தான் கூப்பிடுமுங்க. மூணாவது கூப்பிட்டாத்தான் மனுசன்."

"சரி, நான் நாலு தரம் கூப்பிடறேன். போதுமா?"

சிரித்துக்கொண்டே போனான்.

முன்பெல்லாம் மலையில் மழை கொட்டினால், தண்ணீர் அடிவாரம் வந்து சேர விடிந்துவிடும். சரிவில் மரங்களை வெட்டிய பிறகு அந்தக் கணக்கு மாறியிருந்தது. கரையில் இருந்தவர்கள் மாறவில்லை.

இரவு ஏழரை மணி. கீழே ஒரு சொட்டு மழை இல்லை. மலைமேல் மட்டும் மின்னல். ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். கண்ணம்மாள் கைக்குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

மழையில்லாமல் மண்வாசனை... எங்கோ லாரி மேடேறுவதுபோல ஓர் உறுமல்.

"ஏ புள்ளேய்..."

ஓடைப் பக்கமிருந்து. அவன் குரல்தான். ஆனால் கணுக்கால் தண்ணீரைத் தாண்டி வருகிறவன், அங்கேயே நின்று எதற்குக் கூப்பிட வேண்டும்?

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புள்ளேய்ய்..."

இரண்டு.

குழந்தையை இறுக்கிக்கொண்டாள். காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை...

பிறகு, மூன்றாவது.

ஓடையிலிருந்து அல்ல. பின்சுவரை ஒட்டி. மெதுவாக.

"கொழந்தயத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போ, புள்ள."

கதவைத் திறந்தாள்.

யாருமில்லை.

வாசல் காய்ந்து கிடந்தது.

ஓடினாள். பாறைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, வீடு இருந்த இடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஐயாக்கண்ணுவை மூங்கில் புதரிலிருந்து எடுத்தார்கள். முதல்நாள் அவனோடு ஒரே பஸ்ஸில் இறங்கியவர், மலைமேல் ஒண்டிக்கடையில் வியாபாரம் செய்யும் ஷேக் தாவூத்.

"வெள்ளம் பொரண்டு எறங்குறத மின்னல் வெளிச்சத்துல பஸ்ஸுல இருந்தே பாத்தோம்மா. உங்களக் கெளப்பிவிடத்தான் கரையில நின்னு கூப்பிட்டாரு. பதிலில்ல. தூங்கிட்டா போல, நானே போறேன்னு எறங்கிட்டாரு. நடு ஓடை போறதுக்குள்ள... அடிச்சுட்டுப் போயிருச்சு."

"மூணாந்தரம் கூப்பிட்டாருங்களே, பாய்?"

"இல்லம்மா. ரெண்டே தரந்தான். நான் பக்கத்துலயே நின்னேன்."

கண்ணம்மாள் இரண்டு விரல்களை மடக்கினாள்.

"ரெண்டாந்தரம் கூப்பிட்டுட்டு... நின்னாருங்களா?"

தாவூத் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நின்னாரும்மா. காதுக்குப் பின்னால கைய வெச்சுக்கிட்டு. வாங்க, ஊருக்குள்ள ஓடிருவோம்னு இழுத்தேன். 'இருங்க பாய், இப்பக் கொரல் குடுப்பா'ன்னாரு."