அத்தான் இறுக்கிய கிரிம்ப்

போன சனிக்கிழமை, ஒஸ்லோவில் எங்கள் புருசெத் மாடிக்கட்டடத்தில் டுக்னாட். கட்டடத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சம்பளமில்லாமல் குப்பை அள்ளிவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு சொசேஜ் தின்றுவிட்டுப் போகிற நாள் அது. இந்த முறை நிலவறைக் குழாய்களை மாற்றப் போகிறார்களாம், ஆகவே அவரவர் களஞ்சிய அறையைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்யவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. பிள்ளைகளின் பழைய பனிச்சறுக்குக் கட்டைகள், ஓடாத தையல் மெசின், மனைவி எறியவிடாத மூன்று சூட்கேஸ் எல்லாவற்றையும் இழுத்தெடுத்த பிறகு மூலையில் அந்த இரும்பு அலுமாரி நின்றது. திறப்பு எங்கே என்று தேடுகிற மாதிரி நடித்தேன். எனக்கு நன்றாகத் தெரியும், அது என் திறப்புக்கோர்வையிலேயே எட்டு வருடமாகத் தொங்குகிறது.

உள்ளே ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டி மட்டும். அதில் ஐம்பது தோட்டாக்கள், வகுப்பில் பிள்ளைகளை இருத்தின மாதிரி வரிசையாக. புளி மணத்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். மணக்கவில்லை. ஆனால் எனக்குப் புளிதான் ஞாபகம் வந்தது.

புளிக்குக் காரணம் அத்தான். என் ஒரே அக்காவின் புருசன். குரோருட்டில் வீடு, ஒஸ்லோ முழுக்க பஸ் ஓட்டம். அவரோடு வேலை செய்த ஒரு நோர்வேக்காரர் அவரைப் பிஸ்டல் கழகத்துக்குக் கூட்டிப்போக, அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஊரில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே படுத்த இரண்டு பேர், இங்கே காசு கட்டிச் சுடப் போனோம். கோயிலில் ஒரு மனுசி முகத்துக்கு நேரேயே கேட்டா: "அங்கையிருந்து ஓடி வந்தது இதுக்கோ?" அத்தானுக்கு எப்போதும் பதில் வரும். "அங்கை சுட்டவைக்குக் குறி தெரியாது, நாங்கள் பழகிறம்" என்றார்.

சுட்ட பித்தளைக் கோதுகளை எறியாமல் திரும்ப வெடிமருந்து நிரப்பி, புதுச் சன்னம், அதாவது பறந்து போகிற ஈயக்குண்டு, வைத்துத் தோட்டா ஆக்கலாம். இங்கே அது சட்டப்படி செய்கிற காரியம்தான். மற்றவர்கள் கோது கழுவ மெசின் வைத்திருந்தார்கள். அத்தான் அக்காவின் ரசச் சட்டியில் பழப்புளி கரைத்து ஊறப்போட்டார். "குத்துவிளக்கும் பித்தளை, இதுவும் பித்தளை, என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். அக்கா அந்தச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தா. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கோதுகள் பொன் மாதிரி மின்னின.

இந்த வேலையில் கடைசிப் படிதான் கிரிம்ப். சன்னத்தை உள்ளே விடுவதற்காகக் கோதின் வாயைக் கொஞ்சம் விரிப்போம் அல்லவா, அந்த வாயைத் திரும்ப நெரித்து மூடுவது. அத்தான் பழகியது ரிவோல்வரில். ரிவோல்வர்ச் சன்னத்தில் ஒரு பள்ளம் இருக்கும், கோதின் விளிம்பை அதற்குள் நன்றாக மடித்து இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் உதைப்பில் மற்றத் தோட்டாக்களின் சன்னம் வெளியே நகர்ந்து வரும். பிறகு நாங்கள் ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டலுக்கு மாறினோம். அதற்கு அந்த நெரிப்பு ஆகாது. விரித்த வாய் நேராகும் அளவுக்கு மெல்லத் தொட்டால் காணும். கூட இறுக்கினால் ஈயம் அமுங்கிவிடும், பித்தளையோ கொஞ்சம் நிமிர்ந்து கொடுக்கும், சன்னம் உள்ளே ஆடத் தொடங்கும். அதாவது கூட இறுக்கினால்தான் கழலும். இதைப் படித்த அன்று அத்தானிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் முதல் ஒரு சம்பவம். மருமகளின், அதாவது அக்கா மகளின், கலியாணம். அத்தான் சம்பந்தி வீட்டாரோடு மேசையில் இருந்து, தான் வந்த முதல் மாரியிலேயே ரொம்சோஸ் ஏற்றத்தில் உறைபனிக்குள்ளால் பஸ்ஸை ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தான், அண்டைக்கு பஸ் றோட்டோரக் கானுக்குள்ளை எல்லோ விழுந்து கிடந்தது" என்று சொல்லிவிட்டேன். மேசையே சிரித்தது. சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அத்தானும் சிரித்தார்.

அடுத்த நாள் அக்கா ரெலிபோன் எடுத்தா.

"இனிமேல் மற்றாக்களுக்கு முன்னாலை அவரைத் திருத்தாதை. மனுசன் சாப்பிடாமல் இருக்கிறார். எனக்குச் சத்தியம் பண்ணு."

"பகிடிக்குத்தானே அக்கா..."

"பண்ணடா."

பண்ணினேன். அத்தான் என்றால் சும்மாவா? நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்குப் போட முதல் குளிர்ச்சட்டை கொண்டுவந்தவர் அவர்.

பிறகு ஒரு சனிக்கிழமை என் நிலவறை அறையில் நூறு தோட்டா செய்தோம். அன்று அத்தான் தனியாக வரவில்லை, சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தன் வித்தையைக் காட்டவேண்டும். கிரிம்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற அச்சின் திருகாணியை அவரே பிடித்தார். ஒரு சுற்றுக் கூடத் திருகினார், பிறகு இன்னொரு அரைச் சுற்று. "நல்லா இறுக்கோணும், இல்லாட்டிக் கழண்டிடும்" என்று சம்பந்திக்கு விளக்கம். முதலாவது தோட்டாவை எடுத்து, சன்னத்தின் நுனியை மேசை விளிம்பில் வைத்துப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தேன். ஒரு மயிரளவு உள்ளே போனது. போகக்கூடாது. அது போனால், பிஸ்டலுக்குள் ஏறும்போது இன்னும் போகும், இடம் குறைந்து மருந்தின் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். எனக்கு அது தெரியும்.

"அத்தான், கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"உனக்கென்னடா தெரியும்!" என்றார், சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தபடி. சம்பந்தியும் சிரித்தார்.

அக்காவுக்குப் பண்ணின சத்தியம் ஞாபகம் வந்தது. தனியாகச் சொல்லுவோம், நாளைக்கு வேலை முடிய ரெலிபோன் எடுப்போம் என்று நினைத்தேன். மிச்சத் தொண்ணூற்றொன்பதையும் நானே மெசின் கைபிடியை இழுத்துச் செய்துகொடுத்தேன், கேட்டீர்களா? அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல. ஆளுக்கு ஐம்பதாகப் பிரித்தோம்.

அடுத்த நாள் ஞாயிறு. நான் தபால் பிரிக்கும் இடத்தில் பகல் வேலையில் நின்றேன். அத்தான் சம்பந்தியைக் கழகத்துக்குக் கூட்டிப் போனாராம். வெளியே குளிர், உள்ளே வந்ததும் சுடும்போது போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து புகார் கட்டியதாம். நெற்றிக்கு மேலே தூக்கி விட்டுக்கொண்டாராம். ஏழாவது சூடு. அதைச் சம்பந்திதான் ரெலிபோனில் சொன்னார். பிஸ்டல் கையிலேயே வெடித்துவிட்டது. வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரி நடைவழியில் அக்கா என் கையைப் பிடித்தா. "தோட்டா செய்யேக்கை நீயும் பக்கத்திலை நிண்டனி எல்லோ? அவர் சரியாத்தானே செய்தவர்?"

"சரியாத்தான் செய்தவர் அக்கா."

வேறென்ன சொல்ல? நீங்கள் சத்தியம் வாங்கினீர்கள், அதனால்தான் பேசாமல் நின்றேன் என்றா? அதைச் சொன்னால் அவ எப்படி அவருக்குச் சோறு போடுவா? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் பாதி என் பயம். பொலிஸ் கேட்டபோது அத்தான் கட்டுப் போட்ட முகத்தோடு சொன்னாராம்: "எல்லாம் நான் செய்தது. தம்பிக்கு ஒண்டும் தெரியாது."

அதோடு பஸ் முடிந்தது. ஒரு கண்ணோடு பஸ் ஓட்டவிட மாட்டார்கள். என் பிஸ்டலைக் கொடுத்துவிட்டேன். கழகத்துக் கட்டடத்தை இடித்து இப்போது வீடுகள் கட்டியிருக்கிறார்கள், பல்கனிகளில் பூச்சட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை.

டுக்னாட் முடிந்து திங்கட்கிழமை, முதலே ரெலிபோனில் சொல்லிவிட்டு, பெட்டியைப் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மகள் வயதில் ஒரு பிள்ளை இருந்தாள். இவற்றில் ஏதும் பிழை இருக்கிறதா என்று கேட்டாள். சும்மா வழக்கமான கேள்விதான். "ஓம், கிரிம்ப் கூடிப்போச்சு. செய்யும்போதே எனக்குத் தெரியும்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். எட்டு வருடத்தில் முதல்தடவை வாய்விட்டுச் சொன்னது. அவள் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டாள்.

அப்படியே குரோருட்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அக்கா குசினியில் நின்றா. அத்தானுக்குக் கண் பார்க்கிற டொக்டரிடம் போகிற நாள். மனுசன் அறையிலிருந்து புதுச் சட்டையோடு வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, இது சரியோ பார்."

இப்போது எல்லாவற்றையும் இப்படித்தான் கேட்கிறார். கதவு பூட்டினது சரியோ, தேத்தண்ணிக்குச் சீனி சரியோ, இந்த றோட்டால் போறது சரியோ. பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தார், சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா குசினி வாசலுக்கு வந்துவிட்டா.

"ஒண்டு மாறிப்போச்சு அத்தான்" என்றேன், சத்தியம் வாங்கின அக்காவுக்கு முன்னாலேயே.

"அப்பிடியோ" என்றார்.

நான் ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். உனக்கென்னடா தெரியும் என்று ஒரு சொல் சொல்லுவார் என்று கடைசிப் பொத்தான் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.